பேபி ஆஸ்டின்: அடிக்கு ஓர் அங்குலம்

நாலு சக்கரமும் ஒருவழியாக முடிந்துவிட்டன, அதனால் இப்போது தைரியமாக எழுதலாம். 1920களில் வந்த ஆஸ்டின் செவன், பழைய ஆட்கள் பேபி ஆஸ்டின் என்பார்களே அந்தக் குட்டிக் கார், அதை 1/12 அளவில் செய்துகொண்டிருக்கிறேன். பெட்டியில் வரும் கிட் எதுவும் கிடையாது. செங்கோட்டையில் இருந்துகொண்டு, இந்தப் பக்கம் தென்காசி, புளியரை தாண்டினால் அந்தப் பக்கம் கேரளத்து ஆரியங்காவு, தென்மலை, இரண்டு பக்கமும் கிடைக்கிற சாமான்களை வைத்துத்தான் வேலை.

ஏன் 1/12 என்றால் சோம்பேறித்தனம்தான். அந்தக் காரின் அளவெல்லாம் அடி அங்குலத்தில் இருக்கிறது. 1/12 என்றால் அடிக்கு ஓர் அங்குலம், கணக்கே போட வேண்டாம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே 6 அடி 3 அங்குலம், மாடலில் ஆறேகால் அங்குலம். இடது வலது சக்கரங்களுக்கு நடுவே 3 அடி 4 அங்குலம், மாடலில் மூன்றேகால் அங்குலத்தை ஒரு நூலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தாண்டும். ஆசாரி டேப் ஒன்று போதும்.

சின்னக் கார்தானே, சீக்கிரம் முடியும் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். என் கருத்து நேர்மாறு. இந்தக் காரின் சக்கரம் டயரோடு சேர்த்து 26 அங்குல உயரம். அம்பாசடர் சக்கரமும் ஏறக்குறைய அதே உயரம்தான், ஆனால் அம்பாசடரின் வீல்பேஸ், அதாவது முன் பின் சக்கர இடைவெளி, 97 அங்குலம், இதற்கு 75. அம்பாசடரில் பாதிச் சக்கரத்தை மட்கார்டு வேறு மூடிவிடும். இதில் மெல்லிசான மட்கார்டுக்குக் கீழே சக்கரம் முழுசாகத் தெரியும், கம்பி கம்பியாக. பாடி கொஞ்சம் கோணினால் யாரும் கவனிக்க மாட்டார்கள், சக்கரம் கோணினால் காரே கோணல். அதனால்தான் சக்கரத்தில் ஆரம்பித்தேன், பெரும்பாலான நேரமும் அதிலேயே போனது.

ரிம்முக்கு 40 மி.மீ. பிவிசி பைப். வெளி விட்டம் சரியாக 40 இருக்கும், ஓரத்தில் மெல்லிய வளையம் ஒட்டினால் வேண்டிய அளவு வந்துவிடுகிறது. டயர் அகலம் 3 அங்குலம் என்பதால் பைப்பை 6 மி.மீ. வில்லைகளாக அறுத்துக்கொண்டேன். கம்பிக்கு கிட்டாரின் முதல் தந்தி, பத்து தவ் தடிமன் (அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது கால் மில்லிமீட்டர். பன்னிரண்டால் பெருக்கினால் 3 மி.மீ., நிஜ ஸ்போக்கும் அந்த அளவுதான். மாட்டு வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி கம்பி நேராக நடுவுக்குப் போகாது. சக்கரத்தின் நடுக் குடத்தின் (ஹப்) ஓரத்தைத் தொட்டபடி சாய்ந்து போகும், பக்கத்துக் கம்பி எதிர்ப்பக்கம் சாயும், இரண்டு வரிசை. பிளைவுட்டில் வட்டம் போட்டு, பாகைமானியால் பிரித்து, ஆணி அடித்து, நடுவில் பித்தளைக் குழாயை நிறுத்தி, ஒவ்வொன்றாக இழுத்து ஃபெவிக்விக் துளி வைக்க வேண்டும். எதிரெதிர்க் கம்பிகளை மாற்றி மாற்றி இழுப்பது முக்கியம், ஒரே பக்கமாகப் போனால் குடம் நகர்ந்துவிடும்.

இதைப் பார்த்துவிட்டு அக்கா மகன், "மாமா, ஃபைலை மட்டும் கொடுங்க, 3டி பிரிண்ட்ல எடுத்துத் தந்துடறேன்" என்றான். ரிம் வேண்டுமானால் வரும்டா, கால் மில்லிமீட்டர் பிளாஸ்டிக் கம்பி எவ்வளவு நாள் நிற்கும் என்று கேட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவன் எடுக்கவில்லை.

டயர்தான் இந்த ஊரில் இருப்பதால் கிடைத்த லாபம். மலைக்கு அந்தப் பக்கம் முழுக்க ரப்பர் தோட்டம், பழக்கமான வெட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். சிரட்டையில் வடிகிற பால் கொஞ்சம் வேண்டும் என்று கேட்டதற்கு, "அண்ணே, அது வேண்டாம், வீட்டுக்குப் போறதுக்குள்ள உறைஞ்சிடும், அமோனியா போட்ட பாலா வாங்குங்க" என்றார். அது சரியான யோசனை. மரத்திலிருந்து வரும் பாலில் ரப்பர் 30 முதல் 40 சதவீதம்தான், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். மையவிலக்கில் கடைந்து எடுத்த பாலில் 60 சதவீதம். அதிலும் முன்கூட்டியே கந்தகம் சேர்த்து வல்கனைஸ் செய்த பால் என்று ஒன்று வருகிறது, அதைத்தான் வாங்க வேண்டும், மற்றது காய்ந்த பிறகும் பிசுபிசுக்கும்.

முறை இதுதான். 55 மி.மீ. டயருக்காக மரத்தில் வளையம் கடைந்து, ரம்பத்தால் டயர் கோடு கீறி, அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி இரண்டு பாதி அச்சு எடுத்தேன். காயும்போது ரப்பர் சுருங்கும் என்பதால் மர வளையத்தைச் சற்றுப் பெரிதாகவே கடைந்துகொள்ள வேண்டும். தண்ணீரில் கரையும் கறுப்பு ஸ்டெயினர், பெயிண்ட் கடையில் கிடைப்பதுதான், அதைப் பாலில் கலந்து அச்சில் ஊற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சும், சுவரோடு ஒரு தோல் பிடிக்கும். மிச்சப் பாலைக் கொட்டிவிட்டு, தோல் காய்ந்ததும் மறுபடி ஊற்ற வேண்டும். அவசரப்பட்டு ஒரேயடியாக நிரப்பினால் வெளியே காய்ந்து உள்ளே பால் பாலாகவே கிடக்கும். இன்னொன்று, பாலைப் பித்தளைப் பாத்திரத்தில் வைக்காதீர்கள், டயரைப் பித்தளை ரிம்மிலும் மாட்டாதீர்கள். செம்பு பட்டால் ரப்பர் நாளடைவில் கெட்டுப்போகும். பிவிசி ரிம் மலிவு என்பதற்காக மட்டும் போட்டதல்ல.

அப்புறம் சேசிஸ், அதாவது காரின் அடிச்சட்டம். மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'ஏ' எழுத்து, கூர்முனை முன்னால். அந்த முனையில் குறுக்காக ஒற்றைப் பட்டை வில், அதன் இரண்டு நுனியிலும் முன் அச்சு தொங்கும். பின்னால் ஏவின் இரண்டு காலிலிருந்தும் கால்வட்ட வில்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். கம்பெனியைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஆஸ்டின் தன் வீட்டு பில்லியர்ட்ஸ் அறையில் ஸ்டான்லி எட்ஜ் என்ற 18 வயதுப் பையனை உட்காரவைத்து இந்தக் காரை வரையவைத்தார், 1922இல் வெளியே வந்து 1939 வரை சுமார் 2,90,000 வண்டிகள் ஓடின. அந்தச் சேசிஸைச் செய்து பார்க்கும்போதுதான் எவ்வளவு கொஞ்சம் இரும்பில் வேலையை முடித்திருக்கிறார்கள் என்பது கைக்குத் தெரிகிறது. நான் நல்லெண்ணெய் டின் தகட்டை மடித்துச் செய்தேன், ஈயப் பற்று சுலபமாகப் பிடிக்கும். வில்லுக்குச் சாவி கடிகாரத்தின் சுருள்வில், பழுக்கக் காய்ச்சி ஆறவிட்டு வெட்டியது. பிரேக் டிரம் 6 அங்குலம், மாடலில் அரை அங்குலம், சின்ன ஊசிமருந்துக் குப்பியின் அலுமினிய மூடி 13 மி.மீ., அச்சாகப் பொருந்தியது. நிஜக் காரில் முதலில் காலால் மிதித்தால் பின் சக்கரம், கையால் இழுத்தால் முன் சக்கரம் என்று பிரேக் தனித்தனி, அந்தக் கை லீவரையும் வைத்துவிட்டேன். 747 சிசி எஞ்சினைச் செய்யவில்லை, பானட் மூடியேதான் இருக்கும்.

பாடிக்கு அச்சகத்தில் கழித்த ஆஃப்செட் அலுமினியத் தகடு. வளைக்கும் முன் சலவை சோப்பை அதன் மேல் தேய்த்து அடுப்பில் காட்ட வேண்டும், சோப்புக் கோடு கறுத்ததும் எடுத்துவிட்டால் தகடு காகிதமாக வளையும். அதற்கு மேல் ஒரு நொடி விட்டாலும் ஓட்டைதான். முன் கண்ணாடிச் சட்டத்துக்குப் பழைய குடைக் கம்பி, அதன் பள்ளத்தில் கண்ணாடி மாதிரி தெரியும் ஓஎச்பி பிளாஸ்டிக் ஷீட் கச்சிதமாக உட்காருகிறது.

பெயிண்ட் மட்டும் நிற்கிறது. குற்றால சீசன், சாரல் ஓயவில்லை. இந்த ஈரத்தில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும். பாடி நீலம், மட்கார்டு கறுப்பு என்று முடிவு. அதுவரை மடக்கு ஹூட்டைத் தைக்கலாம் என்று பார்க்கிறேன். குடைத் துணி மடிப்பில் துருத்திக்கொண்டு நிற்கிறது, பழைய எட்டு முழ வேட்டியில் ஒரு துண்டை டீத்தூள் தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டிருக்கிறேன், அந்தச் சாரலில் அதுவும் இன்னும் காயவில்லை.