இரண்டு புகையிலைக் கிடங்குகள்

8 மார்ச் 2024, சோபியா, பல்கேரியா

பெண்கள் தினம். தெருவெல்லாம் பூ விற்கிறார்கள். இந்த மாதம் எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு நூல், மார்த்தெனித்சா. நாரையோ பூத்த மரமோ கண்ணில் படும்வரை கழற்றமாட்டார்களாம். காப்புக் கட்டிய ஊர்போல இருக்கிறது. மருமகள் எனக்கும் ஒன்று கட்டிவிட்டாள்.

1909இல் திறக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் வரை நடந்தோம். "ஹிட்லரோடு கூட்டணி வைத்திருந்தும் இந்த நாடு தன் யூதர்களில் ஒருவரைக்கூடப் பிடித்துக்கொடுக்கவில்லை, அம்மா. 48,000 பேர்" என்றான் மகன், தானே பல்கேரியன் என்பதுபோல.

9 மார்ச்

வெளியே போகவில்லை. நேற்றைய பேச்சு உறுத்தியதால் நாள் முழுக்கப் படித்தேன்.

முப்பது ஆண்டுகள் வருவாய்த் துறைக் கோப்புகளோடு வாழ்ந்தவள் நான். கோப்பில் முதலில் அடித்தல் திருத்தலைத்தான் பார்ப்பேன். 1943 பிப்ரவரி 22 அன்று யூத விவகார ஆணையர் அலெக்சாந்தர் பெலெவும் ஜெர்மன் அதிகாரி தியோடர் டானெக்கரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். "புதிய நிலங்களான த்ரேஸ், மாசிடோனியாவிலிருந்து" 20,000 யூதர்களை ஜெர்மனியிடம் ஒப்படைத்து அனுப்புவதாக அதில் இருந்தது. ஜெர்மனியின் தயவில் 1941இல் பல்கேரியாவுக்குக் கிடைத்த பகுதிகள் அவை. அங்கே அத்தனை யூதர்கள் இல்லை. ஆகவே அந்த இடப்பெயர்களைப் பேனாவால் அடித்துவிட்டார்கள். குறைகிற எட்டாயிரம் பேரைப் பழைய பல்கேரியாவிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே! எந்த அலுவலகத்திலும் நடக்கிற வேலைதான் இது. இலக்குக்கு ஆள் போதாவிட்டால் வரையறையை விரித்துவிடுவது.

10 மார்ச்

யூதர்கள் காப்பாற்றப்பட்டதை இந்த நாடு நினைவுகூரும் நாள் இன்று.

அந்த எட்டாயிரம் பேரின் கதை, மேற்கே எல்லைப் பக்கம் உள்ள க்யூஸ்தெண்டில் என்ற ஊரில் திரும்பியது. அங்கே யூதர்களை அடைக்கப் புகையிலைக் கிடங்கைக் காலி செய்து வைத்ததுமே ஊருக்கு விஷயம் தெரிந்துபோயிற்று. சிலர் தலைநகருக்கு ஓடிவந்து, அதே ஊர்க்காரரான நாடாளுமன்றத் துணைத்தலைவர் திமிதர் பெஷேவைப் பிடித்தார்கள். முன்பு யூதர்களுக்கு எதிரான சட்டத்தை ஆதரித்தவர்தான் அவர். ஆனாலும் மார்ச் 9 அன்று உள்துறை அமைச்சரிடம் போய் நின்று உத்தரவை நிறுத்திவைக்கச் செய்தார். பிறகு யூதர்களை அனுப்புவதை எதிர்த்து அவரோடு சேர்த்து 43 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம். அதற்காகப் பதவி போயிற்று. பிளோவ்திவில் பேராயர் கிரில், சோபியாவில் பேராயர் ஸ்டெஃபான் ஆகியோரும் அசைந்துகொடுக்கவில்லை.

போர் முடிகிற வேளையில் நடந்ததைப் படித்தால் தலை சுற்றுகிறது. 1944 செப்டம்பர் 5 அன்று சோவியத் ஒன்றியம் பல்கேரியாவின் மேல் போர் அறிவித்தது. மூன்றே நாளில் பல்கேரியா ஜெர்மனியின் மேல் போர் அறிவித்தது. மறுநாள் ஆட்சி கவிழ்ந்தது. புதிய அரசின் மக்கள் நீதிமன்றம் பெஷேவுக்கு 15 ஆண்டு சிறை விதித்தது. கடிதத்தில் கையெழுத்திட்டவர்கள் பலருக்கு மரண தண்டனை. ஓராண்டு சொச்சத்தில் வெளியே வந்த பெஷேவ் 1973 வரை ஓசையில்லாமல் வாழ்ந்தார்.

அப்படியானால் அந்தப் புதிய நிலங்களில் இருந்தவர்கள்? 11,343 பேரைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள். 2013இல் பல்கேரிய நாடாளுமன்றம், அன்றைய பல்கேரிய நிர்வாகத்தால் அதைத் தடுக்க இயலவில்லை என்று வருந்தியது. தடுக்க இயலாதவர்களா வீடு வீடாகப் போய்ப் பட்டியலிட்டார்கள்?

11 மார்ச், ஸ்கோப்யே, வட மாசிடோனியா

காலை பஸ். க்யூஸ்தெண்டில் வழியாகத்தான் வந்தது. சன்னலோரம் உட்கார்ந்து ஊர் மறையும்வரை பார்த்தேன். அங்கிருந்து நூறு கிலோமீட்டர் சொச்சம்தான் இந்த நகரம். இங்கேயும் ஒரு புகையிலைக் கிடங்கு: மொனோபோல். 1943இல் இதே மார்ச் 11 அன்று விடியுமுன் மாசிடோனிய யூதர்களை எழுப்பி இழுத்துவந்து அதில் அடைத்தார்கள். பிடித்ததும் காவல் காத்ததும் பல்கேரியப் போலீசும் ராணுவமும். மருத்துவர்கள், மருந்தாளுநர்கள், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்கள் என்று கொஞ்சம் பேரை விட்டார்கள். மற்ற 7,144 பேரை மார்ச் 22, 25, 29 தேதிகளில் மூன்று ரயில்களில் போலந்திலிருந்த ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள்.

இங்குள்ள யூதர் நினைவு மையத்தில் ட்ரெப்ளிங்காவின் சாம்பல் கலயங்களில் இருக்கிறது. அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

இரவு மகனோடு போனில் பேசினேன். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "அவர்கள் பல்கேரியக் குடிமக்கள் இல்லையே, அம்மா" என்றான்.

ஏன் இல்லை என்று கேட்டேன். 1942 ஜூனில் புதிய நிலத்து மக்களுக்குக் குடியுரிமை கொடுத்த ஆணை யூதர்களை மட்டும் விட்டுவிட்டது என்றேன். சற்று நேரம் அவனிடமிருந்து சத்தமில்லை. பிறகு, நாளை எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று கேட்டான்.