ஒரு இனிஷியல் தப்பானதால் போன மூன்று மாதம்

பள்ளியில் பேச்சுப் பயிற்சியாளராக (ஸ்பீச் தெரபிஸ்ட்) சேர நினைப்பவர்கள் சான்றிதழ் கைக்கு வந்த அன்றே அதில் உள்ள பெயரை எழுத்து எழுத்தாகப் பாருங்கள். நான் பார்க்கவில்லை. மூன்று மாதம் போய்விட்டது.

பி.ஏ.எஸ்.எல்.பி. என்ற பேச்சு, செவித்திறன் பட்டப்படிப்பு இன்டர்ன்ஷிப் உட்பட நான்கு வருடம். அது ஒழுங்காக முடிந்தது. குமரி மாவட்டம் விளவங்கோடு பக்கம் ஒரு பள்ளியில் வேலையும் பேசியாயிற்று. இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்க முடியாது. 1992ஆம் வருடச் சட்டம் அப்படி. விண்ணப்பித்தேன், திரும்பி வந்தது. ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது, பட்டச் சான்றிதழில் இனிஷியல் மட்டும். இன்டர்ன்ஷிப் சான்றிதழில் அந்த இனிஷியலும் தப்பு, ‘ஜே’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஜி’.

கல்லூரிக்குப் போன் போட்டால், “நேர்ல வாங்க, உடனே மாத்தித் தர்றோம்” என்றார்கள். குழித்துறையில் அனந்தபுரி ஏறி மறுநாள் காலை சென்னையில் போய் நின்றேன். அதே ஆள், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “கையெழுத்துப் போடுற மேடம் லீவு. லெட்டர் எழுதி வெச்சுட்டுப் போங்க” என்றார். அன்று ராத்திரியே திரும்பினேன். நெஞ்செல்லாம் எரிந்தது.

இரண்டாம் தடவை அந்த மேடத்திடமே போனில் பேசி உறுதி செய்துகொண்டுதான் வண்டி ஏறினேன். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், நோட்டரி கையெழுத்துப் போட்ட அபிடவிட் எல்லாம் கையில் இருந்தன. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. அப்புறம் பதிவு எண்ணும் வந்தது.

பள்ளி அலுவலகத்தில் முதல் கேள்வி, “பி.எட். இருக்கா?” நான் பாடம் எடுக்க வரவில்லை என்றதும், “அப்போ பேச்சுப் போட்டிக்கு ரெடி பண்ணுவீங்களா?” கேலி இல்லை, அவருக்கு உண்மையாகவே தெரியவில்லை. உச்சரிப்பு, திக்குவாய், மொழி வளர்ச்சித் தாமதம், குரல் என்று நாம் பார்க்கிற வேலையை ஒரு பக்கத்தில் எழுதி நகல் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அதுதான் உதவியது.

இந்த மூன்று மாதமும் ஒரு பையன் காத்திருந்தான். இரண்டாம் வகுப்பு. காக்காவைத் ‘தாத்தா’ என்பான், கையைத் ‘தை’ என்பான். வகுப்பே சிரிக்கும், அதனால் வாயைத் திறப்பதையே விட்டிருந்தான். நாக்கின் பின்பக்கம் எழும்பாமல் நுனியே எல்லா வேலையையும் செய்தால் ‘க’ எல்லாம் ‘த’ ஆகிவிடும். நாலு வயதுக்குள் பொதுவாகத் தானாகச் சரியாகிவிடும், இவனுக்கு ஆகவில்லை.

முதலில் காது பார்க்க வேண்டும். மருத்துவமனைக்குப் போன அன்று ஆடியோகிராம் எடுப்பவர் இல்லை. அண்டி ஆபீஸில் (முந்திரி ஆலை) ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த அவன் அம்மா ஒன்றும் சொல்லாமல் பையனின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். மறுமுறை எடுத்தோம், காது நன்றாக இருந்தது.

அவனுடைய பழைய ரிப்போர்ட்டைப் பார்த்துக் கோபம்தான் வந்தது. தண்ணீர் படத்துக்கு ‘வெள்ளம்’ என்றானாம், தப்பு. பலாப்பழத்துக்கு ‘சத்த’ என்றானாம், பெயரே தெரியவில்லையாம். இங்கே தண்ணீர் என்றால் வெள்ளம், பலா என்றால் சக்கைதானே! அவன் வாயில் வராதது ‘க’ ஒன்றுதான். வெளியூரில் அச்சடித்த படக்கார்டுகளை அப்படியே வைத்து மார்க் போடாதீர்கள். வீட்டில் அதற்கு என்ன பெயர் என்று அம்மாவிடம் கேளுங்கள்.

கண்ணாடி முன்னால் உட்கார வைத்தேன். தலையை அண்ணாந்து வெள்ளத்தைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்கச் சொன்னேன், நாக்கின் பின்பக்கம் இருப்பது அவனுக்கே தெரியட்டும் என்று. ஐஸ் குச்சியால் நாக்கு நுனியை லேசாக அமுக்கிக்கொண்டு ‘அக்’. இதே பயிற்சி வாரக்கணக்கில். முதல் ‘அக்’ வந்தபோது அவன் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் தன் வாயைத்தான் பார்த்தான்.

போன வாரம் அவன் அம்மா வேலைக்குப் போகிற வழியில் பள்ளி வாசலில் நின்றார். “டீச்சரே, ராத்திரி முழுக்க காக்கா காக்கான்னு சொல்லி ஒறங்க விடல்ல.”