இடது 40, வலது 25
மார்ஜினைக் கூட்டினால் பக்கம் கூடும் என்பது மாணவர்களுக்கும் தெரியும். எதுவரை கூட்டலாம் என்பதற்குத்தான் டிடிபி கடைக்கு வருகிறார்கள். "அண்ணா, கைடு 60 பக்கமாவது வேணும்னு சொல்லிட்டார். 54தான் வருது" என்று அந்தப் பெண் வந்து நின்றபோது நான் யோசிக்கவே இல்லை.

அண்ணா பல்கலைக்கழக ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு ஒரே அளவு கிடையாது. இடது 35 முதல் 40 மி.மீ., வலது 20 முதல் 25, மேலே 30 முதல் 35, கீழே 25 முதல் 30 என்று தாராளமாகத்தான் விட்டிருக்கிறார்கள். அவள் ஃபைலில் எல்லாமே குறைந்த அளவு. வேர்டில் கஸ்டம் மார்ஜின்ஸில் போய் நான்கையும் கடைசி எண்ணுக்கு ஏற்றினேன். 'அப்ளை டு'வில் 'ஹோல் டாக்குமென்ட்' கொடுக்காவிட்டால் கர்சர் நிற்கும் அத்தியாயம் மட்டும் ஒடுங்கும், அதையும் பார்த்துக்கொண்டேன். வலப்பக்கம் துருத்திய டேபிள்களை உள்ளே இழுத்து, பக்க எண்கள் புதிதாக மாற பொருளடக்கத்தில் எஃப்9 தட்டினேன். சரியாக 60.

"இது ஏமாத்து வேலை இல்லையே அண்ணா?"

"ரூல்லயே இருக்கும்மா."

பொய் சொல்லவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தாலும் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இடப்பக்கம் அத்தனை இடம் விடச் சொல்வது பைண்டிங்கில் எழுத்து உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக. பக்கத்தை ஏற்றுவதற்காக இல்லை. அது எனக்குத் தெரியும். சரி, பக்கத்தை எண்ணிக் கேட்டவர் கைடுதானே? எண்ணிக்கை கேட்டார், எண்ணிக்கை கொடுத்தோம்.

இப்படிச் சொல்லி முடித்தாலும் பில் ஞாபகம் வருகிறது. ஐந்து பிரதி, பிரதிக்கு ஆறு பக்கம் கூடுதல். முப்பது பக்கக் காசு. கடை என்னுடையது இல்லை, சம்பளத்துக்கு இருப்பவன்தான். ஆனாலும் 'ரூல்ல இருக்கு' என்று சொன்னவன், 'காசு கூடும்' என்பதையும் அதே மூச்சில் சொல்லியிருக்கலாம். அவள் போனை நீட்டி ஸ்கேன் செய்யும் முன் தொகையை இரண்டு தடவை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. டேபிளைச் சரிசெய்யும்போதே ரிசல்ட்ஸ் அத்தியாயம் கண்ணில் பட்டது. வரிசையாக கிராஃப், எதற்கும் கீழே ஒரு வரி விளக்கம் இல்லை. அதை எழுதினாலே ஆறு பக்கம் தானாக வந்திருக்கும். மறுநாள் காலை சப்மிஷன் வைத்திருக்கிற பிள்ளையிடம் அதைச் சொல்ல, டைப் பண்ணுகிற நான் யார்? கைடு சொல்ல வேண்டியது அது. அவர் பார்த்தாரோ என்னவோ. நான் பார்த்தேன் என்பதுதான் தொல்லை.

இப்போது சீசன் வந்தால் யாரும் கேட்கும் முன்பே 40, 25, 35, 30 என்று வைத்துவிடுகிறேன். யாராவது ஏனென்று கேட்டால் பைண்டிங்குக்கு என்கிறேன். அதுவும் உண்மைதானே.