தெற்கே பார்த்த பொங்கல்

"சூரியனுக்குப் படைச்சியாட்டி?" என்று அம்மா கேட்டாள்.

பொங்கலன்று பகல் பதினொன்றரை மணி. நார்வேயின் ட்ரோம்சோவில், எங்கள் சமையலறை ஜன்னலுக்கு வெளியே சாயம் போன நீலச் சேலையை விரித்தது மாதிரி ஒரு வெளிச்சம். அதற்குப் பெயர்தான் பகல். நவம்பர் கடைசியில் மலைக்குப் பின்னால் இறங்கிய சூரியன் இன்னும் ஏறவில்லை.

"இங்க 21-ஆம் தேதிதான் வரும்மா."

"என்னட்டி சொல்லுத? அவரு என்ன லீவுலயா போயிருக்காரு?"

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். அப்புறம்தான் சுருக்கென்றது. காலையில் பால் பொங்கி வழிந்தபோது குலவை போட வாயைத் திறந்தேன். அதற்குள் இண்டக்‌ஷன் அடுப்பு கீ கீ என்று கத்திவிட்டு அணைந்துபோனது. அதன் மேல் எது வழிந்தாலும் அதற்கு ஆபத்துதான். படையலை எந்தப் பக்கம் காட்டுவது என்று அடுத்த சிக்கல். "தெற்கே காட்டு. வந்தா அங்கதான் முதல்ல வரும்" என்றார் கணவர். விஞ்ஞானப்படி சரிதான். ஆனால் எமன் திசையைப் பார்த்து யாராவது பொங்கல் படைப்பார்களா?

இந்த இருட்டுக் காலத்தை இங்கே மோர்க்கெதீத் என்கிறார்கள். முதன்முறை கேட்டபோது 'மோர் கெட்ட தேதி' என்றே என் காதில் விழுந்தது. அதுவும் பொய்யில்லை. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு வைத்தால்தான் இங்கே தயிரே உறைகிறது. ஆனால் ஊரில் நினைப்பது போல மைனஸ் 40 எல்லாம் இல்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும், தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான கடல் நீரோட்டம் துறைமுகத்தை உறைய விடுவதில்லை. மைனஸ் நாலு, ஐந்து என்பதுதான் ஜனவரி வழக்கம். எனக்கு அதுவே தாராளம். எங்கள் ஊரில் தேங்காயெண்ணெய் உறைந்தாலே மார்கழிக் குளிர் என்று மஃப்ளரைத் தேடுவோம்.

போன வருஷம் பொங்கலுக்கு முந்தின நாள், கணவரின் வேட்டியை அலசி, ஊர் ஞாபகத்தில் பால்கனிக் கொடியில் போட்டுவிட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் வேட்டி கதவாகிவிட்டது. மடங்கவில்லை. பக்கவாட்டில் சாய்த்துத்தான் உள்ளே கொண்டுவர முடிந்தது. எதிர்வீட்டுப் பெரியவர், பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இதை முழுசாகப் பார்த்துவிட்டார். மறுநாள் கதவைத் தட்டி ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தை நீட்டினார். "உங்கள் துணிக்கு நடந்தது இதில் இருக்கிறது."

ஆங்கிலேயர் செர்ரி-கரார்ட் 1922-இல் வெளியிட்ட 'உலகத்திலேயே மோசமான பயணம்'. 1911-இல், அண்டார்டிகாவின் நடுக்குளிர்கால இருட்டில், எம்பரர் பெங்குவின் முட்டை எடுக்க மூன்று பேர் ஐந்து வாரம் ஸ்லெட்ஜ் இழுத்துப் போய்வந்த கதை. ஒருநாள் காலை கூடாரத்தை விட்டு வெளியே வந்த செர்ரி-கரார்ட் சுற்றிப் பார்க்கத் தலையை நிமிர்த்துகிறார். பதினைந்து வினாடிக்குள் சட்டை உறைந்துவிடுகிறது. நிமிர்ந்த தலை நிமிர்ந்தபடியே நாலு மணி நேரம் வண்டி இழுக்கிறார். என் வேட்டி பரவாயில்லை, உள்ளே ஆள் இல்லை. உயிரைக் கொடுத்துக் கொண்டுவந்த மூன்று முட்டைகளை லண்டன் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கப் போனால், ரசீதுக்காக நடையில் காக்க வைக்கிறார்கள். அந்தப் பக்கத்தைப் படித்தபோது பனி மறந்து நம் தாலுகா ஆபீஸ் ஞாபகம்தான் வந்தது.

அன்று பிடித்த பைத்தியம். நூலகத்தில் துருவப் புத்தகங்களுக்கென்று ஒரு அலமாரியே இருக்கிறது. தென்துருவம் போய்த் திரும்பும் வழியில் உயிர்விட்ட ஸ்காட்டின் நாட்குறிப்பை மட்டும் ஜனவரியில் எடுக்காதீர்கள், மனசு தாங்காது. அவரை முந்தி 1911 டிசம்பர் 14-இல் தென்துருவம் தொட்ட அமுண்ட்சென்னின் புத்தகம் கணக்குப்பிள்ளை நோட்டு மாதிரி. எல்லாம் திட்டப்படி நடந்தால் கதை எப்படி வரும்? கிறிஸ்தியானே ரிட்டரின் சின்னப் புத்தகம் எனக்காகவே எழுதியது போல இருந்தது. 1934-இல் கணவர் கூப்பிட்டார் என்று ஆஸ்திரியாவிலிருந்து ஆர்க்டிக் தீவுகளான ஸ்வால்பார்டுக்குக் கப்பலேறிய ஓவியர். கணப்பருகே உட்கார்ந்து தடித்தடிப் புத்தகமாகப் படிக்கலாம், ஆசை தீரத் தூங்கலாம் என்று நினைத்துப் போனவருக்கு வாய்த்தது புகை கக்கும் அடுப்பும் சீல் இறைச்சியும். நானும் இங்கே ஏறக்குறைய அப்படித்தான் வந்தேன், சீல் மட்டும் பாக்கி.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவர் நார்வேக்காரர் நான்சென். 1895 வசந்தத்தில் கப்பலை விட்டிறங்கிக் கூட வந்த யோஹான்செனோடு வடதுருவம் நோக்கி நடந்தார். 86 டிகிரி தாண்டி, அதற்கு மேல் முடியாது என்று திரும்பினார். ஃபிரான்ஸ் யோசஃப் தீவுகளில் குளிர்காலம் மாட்டிக்கொண்டது. கல்லடுக்கி, மேலே வால்ரஸ் தோல் போர்த்த ஒரு குடிசை. காலையில் கரடி வேகவைத்தது, ராத்திரி கரடி பொரித்தது, மாசக்கணக்கில் இதேதான். சில நாள் இருபது மணி நேரம் தூக்கம். கடைசியில் எடை கூடித்தான் திரும்பினார்கள்! படிக்க இருந்தது கடல் பஞ்சாங்கமும் கணக்கு அட்டவணைகளும் மட்டும். அச்செழுத்தைப் பார்த்தாலே ஆறுதல் என்று அதையே மனப்பாடம் ஆகும்வரை புரட்டியிருக்கிறார். முதல் குளிர்காலத்தில் நானும், ஊரிலிருந்து முறுக்கு சுற்றி வந்த தினசரித் தாளை எண்ணெய்க் கறையோடு படித்தவள்தான். ஒரு வரன் தேவை விளம்பரம் இன்னும் மனப்பாடம்.

குடிசையில் கிறிஸ்துமஸ் வருகிறது. மாற்றுத் துணி கிடையாது. யோஹான்சென் உள்சட்டையை வெளியேயும் வெளிச்சட்டையை உள்ளேயும் மாற்றிப் போட்டுக்கொள்கிறார், நான்செனும் அப்படியே. அதுதான் பண்டிகைக் கோடி. சுத்தமான கம்பளித் துணி அடுக்கிய கடைக்குள் நுழைவது போலவும், வெந்நீரில் குளிப்பது போலவும் பேசிப் பேசியே பொழுதை ஓட்டுகிறார்கள். இதைவிட வேடிக்கை, ஒரே தூக்கப்பைக்குள் படுத்துக்கொண்டும் இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றே அழைத்து வந்திருக்கிறார்கள். புத்தாண்டுக்கு முந்தின இரவுதான் 'நீ' என்று பேசலாம் என்று முடிவானது. கணவரிடம் படித்துக் காட்டினேன். "நம்ம வீட்ல எப்போ?" என்றார். கேட்டுக்கொண்டே இருங்க என்றேன்.

அடுத்த ஆகஸ்டில் அவர்களும் கப்பலும் மறுபடி சேர்ந்தது இந்த ட்ரோம்சோவில்தான். இதை எங்களுக்குத் தெரிந்த ஈழத்து அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன். 80-களில் வட நார்வேயின் ஃபின்மார்க் மீன் ஆலைக்கு வேலைக்கு வந்தவர். "அவர் அகதியளுக்குப் பாஸ்போட் குடுத்த ஆள் எல்லோ?" என்றார். உண்மைதான், 1922-இல் நாடற்றவர்களுக்கு வந்த நான்சென் பாஸ்போர்ட். நான் பனியிலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறேன். "சூரியன் இல்லாட்டி என்ன பிள்ளை, நாங்கள் எத்தினை பொங்கல் இருட்டுக்குள்ள பொங்கினனாங்கள்" என்று சொல்லி ஒரு டப்பா பயற்றம்பணியாரமும் தந்தார்.

இப்போதெல்லாம் பழகிவிட்டது. பூட்ஸுக்கு முள் மாட்டிக்கொண்டு வழுக்காமல் நடக்கிறேன், பகலிலேயே விளக்கேற்றுகிறேன். ஆனால் நான்செனின் குடிசையில் கொழுப்பு விளக்கு எரியும் பக்கம் வந்தால் மட்டும் பனையோலை வாசம் அடிக்கிறது. வாசலில் அடுப்புக்கு மூன்று பொங்கக்கட்டி, தாத்தா ஓலையைத் திணித்துக்கொண்டே இருப்பார், புகையில் எல்லார் கண்ணும் சிவந்திருக்கும். "பொங்குச்சா, பொங்குச்சா" என்று தெருவே விசாரிக்கும். படித்த பக்கத்தையே மறுபடி படிக்க வேண்டியதாகிவிடும்.

21-ஆம் தேதி இங்கே சூரிய நாள். பேக்கரியில் சர்க்கரை தூவிய சூரிய பன்னுக்கு வரிசை. அதையும் வாங்கிக்கொண்டு, இரண்டாவது முறையாகப் பொங்கலும் வைத்து, பால்கனியில் நின்றோம். மதியம் மலை விளிம்பில் ஒரு குண்டூசித் தலை மாதிரி எட்டிப் பார்த்தார். வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அங்கே மணி நாலரை. மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"இத்தினியூண்டா? இங்க வந்து பாரு, மண்டையப் பொளக்காரு" என்றாள். கொடியிலிருந்து அப்பாவின் வேட்டியை உருவினாள். "தொட்டுப் பாருட்டி, எப்படிச் சுடுதுன்னு."

சொன்னதோடு நிற்காமல் வேட்டியைப் போன் மேலேயே வைத்துவிட்டாள். திரை முழுக்க வெள்ளை.