3.42 ஜி.பி.ஏ.யும் முரசுமோட்டைச் சுவரில் ஓர் ஆணியும்

"3.42 வைச்சுக்கொண்டு அமெரிக்காவில பி.எச்.டி. கிடைக்குமோ?" 2022 நடுப்பகுதியில் கண்டவர்களிடம் எல்லாம் இதைத்தான் கேட்டுத் திரிந்தேன். கிளிநொச்சி அறிவியல்நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் குடிசார் பொறியியல் முடித்தவன் நான். 3.42 என்பது என் ஜி.பி.ஏ., அதாவது நான்குக்குக் கணிக்கும் சராசரித் தரப்புள்ளி. இரண்டாம் வகுப்பு மேல்நிலை. எங்கள் பீடத்தின் முதல் அணி வெளியேறியே அப்போது சில வருடங்கள்தான் என்பதால், ஒப்பிட்டுப் பார்க்க முன்னால் போனவர்களும் குறைவு. ஆளுக்கொரு பதில் வந்தது.

அப்போது ஒரு டொலர் 360 ரூபா. ஒரு விண்ணப்பத்துக்கு 75 டொலர் என்றாலே 27,000 ரூபா. பல துறைகள் ஜி.ஆர்.இ. என்ற நுழைவுத் தேர்வைக் கேட்பதை நிறுத்தியிருந்தது பெரிய ஆறுதல். ஆனாலும் ஆறு இடங்களுக்கு மேல் போட வழியில்லை.

முதலில் தரவரிசையைப் பார்த்துப் பட்டியல் போட்டேன். இரண்டு மாதம் வீண். எனக்கு ஆய்வு வழிகாட்டிய சேர் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, பொறியியலில பிள்ளையைத் தெரிவுசெய்யிறதில பேராசிரியற்ற கைதான் பெரிசு. அவரிட்ட ஆய்வுப் பணம் இருக்கோ, புதுசா ஆள் எடுக்கிறாரோ எண்டு பார்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆய்வுக்குழுவின் பக்கத்தையும் திறந்து, இரண்டு வருடக் கட்டுரைகள், இருக்கும் மாணவர்கள், யார் முடித்துப் போகப்போகிறார்கள் என்று பார்த்தேன். 23 பேருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஐந்து பேர் பதில் போட்டார்கள். அதில் இருவர் "இந்த வருடம் ஆள் எடுக்கவில்லை" என்றார்கள். அந்தப் பதிலுக்கு இன்றைக்கும் நன்றி சொல்வேன். இரண்டு விண்ணப்பக் காசு மிஞ்சியது.

பரிந்துரைக் கடிதம் மூன்று வேண்டும். ஒருவர் கடைசி நாள்வரை அனுப்பவில்லை, ஓரிடம் அதிலேயே போனது. நான்காவதாக ஒருவரை முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

ஜனவரியில் ஒரு பேராசிரியர் சூமில் பேசினார். ஜி.பி.ஏ. பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் இறுதியாண்டு ஆய்வு 2018 டிசம்பர் வெள்ளம் பற்றியது. இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்தபின் கனகராயன் ஆற்றோரம் தண்ணீர் எவ்வளவு உயர்ந்தது என்று கணித்திருந்தேன். "உச்ச நேரத்தில் அளவீடே இல்லையே, எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்?" என்றார்.

சொன்னேன். அந்த வெள்ளம் புகுந்த முரசுமோட்டைக் கிராமத்தில் ஓர் ஆச்சி வீட்டுக் குசினிச் சுவரில், சேறு படிந்த கோடு வெள்ளையடித்த பிறகும் மங்கலாகத் தெரிந்தது. "இந்த ஆணி மட்டும் வந்தது ராசா" என்று ஆச்சி விரலை வைத்துக் காட்டினார். உயரம் அளக்கும் லெவல் கருவியை முற்றத்தில் நிறுத்தி அந்த ஆணியின் உயரத்தை எடுத்தோம். அப்படிப் பதினேழு வீடுகள். இரண்டு வீடுகளில் சொன்ன உயரம் பக்கத்து வீடுகளோடு ஒத்துவரவில்லை; அவற்றை ஏன் விட்டேன் என்பதையும் அறிக்கையில் எழுதியிருந்தேன்.

அந்த இரண்டு வீடுகளைப் பற்றியே இருபது நிமிடம் கேட்டார். என் தரம் எங்கே நிற்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. 3.42 என்னைக் கதவுவரை கொண்டுபோனது. உள்ளே கூப்பிட்டது அந்தப் பதினேழு வீடுகள்.

ஆறில் நான்கு மறுப்பு, ஒன்று காத்திருப்புப் பட்டியல். அந்தப் பேராசிரியரிடமிருந்து மார்ச்சில் கட்டண விலக்கும் மாதச் சம்பளமும் சேர்த்து அனுமதி வந்தது. ஏப்ரல் 15 வரை நேரம் இருந்தும் அன்றிரவே ஒப்புக்கொண்டேன். அடுத்த நாள் காலை சைக்கிளில் முரசுமோட்டைக்குப் போய் ஆச்சியிடம் சொன்னேன்.