அணு அமைப்பும் அணுக்கரு வேதியியலும்: நான் படித்த விதம்

ரிசல்ட் வந்துவிட்டது. வேதியியலில் நினைத்ததற்கு மேலேயே மதிப்பெண். எல்லாம் நினைவில் பசுமையாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். ரூதர்ஃபோர்டின் தங்கத் தகடு, நீல்ஸ் போரின் அணுக் கொள்கை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

எனக்குக் கைகொடுத்தது ஒரே பழக்கம்தான். அணுக்கருக் கேள்வி எதுவானாலும் முதலில் நிறை எண் (புரோட்டானும் நியூட்ரானும் சேர்ந்த எண்ணிக்கை), அப்புறம்தான் அணு எண் (புரோட்டான் எண்ணிக்கை). இந்த வரிசையை மாற்றவே மாற்றாதீர்கள். ஆல்பா துகள் (2 புரோட்டான், 2 நியூட்ரான்) வெளியேறினால் நிறை எண்ணில் 4, அணு எண்ணில் 2 குறையும். பீட்டா, அதாவது கருவிலிருந்து வெளியேறும் எலக்ட்ரான், நிறை எண்ணைத் தொடவே தொடாது. ஆகவே நிறை எண்ணை மட்டும் பார்த்தாலே ஆல்பா கணக்கு தீர்ந்துவிடும்.

யுரேனியம்-238 கடைசியில் ஈயம்-206 ஆகிறது, எத்தனை ஆல்பா, எத்தனை பீட்டா? 238-இல் 206 போக 32. நான்கால் வகுத்தால் 8 ஆல்பா. எட்டு ஆல்பா போனதில் அணு எண் 92-இலிருந்து 16 குறைந்து 76-க்கு வந்திருக்க வேண்டும். ஆனால் ஈயத்துக்கு 82. இடையில் ஏறிய அந்த 6-உம் பீட்டாவின் வேலை. ஒவ்வொரு பீட்டாவுக்கும் ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறுகிறது. சரி, தோரியம்-232 ஈயம்-208 ஆவதை நீங்களே போட்டுப் பாருங்கள். 6 ஆல்பா, 4 பீட்டா வர வேண்டும்.

ஒரு கரு இரண்டாக உடையும் அணுக்கருப் பிளவுக்கும் இதே வழிதான். யுரேனியம்-235 மீது நியூட்ரான் மோதி பேரியம்-141, கிரிப்டான்-92 கிடைத்தால் வெளிவரும் நியூட்ரான்கள் 3. மோதிய நியூட்ரானைச் சேர்க்காவிட்டால் 2 என்று வரும்.

அரை ஆயுளுக்கு (பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம்) மடக்கைச் சூத்திரத்தை உடனே எடுக்க எனக்குப் பிடிக்காது. கொடுத்த காலம் அரை ஆயுளின் முழு மடங்கா என்று முதலில் பாருங்கள். கார்பன்-14-க்கு 5730 ஆண்டுகள்; 17190 என்றால் மூன்று மடங்கு. 100, 50, 25, 12.5 என்று ஓரத்தில் எழுதினால் போதும். கேட்டது எஞ்சியதா, சிதைந்ததா என்பதன் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். 12.5, 87.5 இரண்டுமே விடைப் பட்டியலில் இருக்கும்.

அணு அமைப்பில் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வர வேண்டியவை:

- இரும்பு +2 அயனியாகும்போது முதலில் போவது 4s எலக்ட்ரான்கள். மிஞ்சுவது 3d⁶.
- குரோமியம் 3d⁵ 4s¹, தாமிரம் 3d¹⁰ 4s¹.
- ஹீலியம் +1 அயனியின் இரண்டாம் வட்டப்பாதை ஆற்றலும் ஹைட்ரஜனின் முதல் வட்டப்பாதை ஆற்றலும் ஒன்றே: −13.6 எலக்ட்ரான் வோல்ட்.
- கார்பன்-14-க்கு நைட்ரஜன்-14 ஐசோபார் (ஒரே நிறை எண்), ஆக்சிஜன்-16 ஐசோடோன் (ஒரே நியூட்ரான் எண்ணிக்கை).

எலக்ட்ரானின் இடத்தைக் குறிக்கும் குவாண்டம் எண்களில், l (துணைக்கூடு) எப்போதும் n-ஐ (முதன்மைக் கூடு) விடச் சிறியது என்பதை வைத்தே பாதி விடைகளைத் தள்ளிவிடலாம்.

பிணைப்பாற்றல் (கருவைச் சேர்த்துப் பிடிக்கும் ஆற்றல்) கணக்கை மட்டும் கடைசிக்கு ஒதுக்குங்கள். நிறையை ஆற்றலாக (MeV) மாற்ற 931.5-ஆல் பெருக்குவது பெரிய வேலையில்லை. அதற்கு முன்னால் வரும் தசமக் கழித்தல்தான் நேரத்தைத் தின்னும். நிறை இழப்பு (துகள்களின் மொத்த நிறைக்கும் கருவின் நிறைக்கும் உள்ள வித்தியாசம்) மிகச் சிறிய எண் என்பதால், தசமங்களை நடுவில் முழுமையாக்கிவிட்டால் விடை எங்கோ போய்விடும்.