"அரசு ஆவன செய்யுமா?" என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

தமிழகச் சட்டமன்ற அவைக் குறிப்புகளைப் புரட்டினால் ஒரே அச்சில் வார்த்த வினாக்கள் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். இன்ன ஊரில் இன்னதை அமைக்க அரசு ஆவன செய்யுமா? பதிலும் அதே அச்சுதான்: "அத்தகைய கருத்துரு ஏதும் அரசின் பரிசீலனையில் இல்லை." துணை வினாவில் உறுப்பினர் மக்கள் படும் பாட்டைச் சொல்வார். "நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்" என்பார் அமைச்சர். பேரவைத் தலைவர் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். மேலே நீலகிரி மலையில் ஒரு கல்லும் நகர்ந்திருக்காது.

இதில் அமைச்சரைக் குறை சொல்லிப் பயனில்லை. "ஆவன செய்யுமா" என்பது கோரிக்கை. கோரிக்கை வைக்க மனு இருக்கிறது, துறைவாரியாக நிதி ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதம் இருக்கிறது. வினா வேறு வேலை செய்வது. அரசின் கோப்பில் கிடக்கும் எண்ணையும் தேதியையும் அமைச்சரின் பொறுப்பில், எழுத்தில், அவைப் பதிவில் வாங்கித் தருவது அது. அந்தப் பதில் பொய் என்று பின்னால் தெரிந்தால் உரிமை மீறல் வரை போகலாம். கலெக்டர் அலுவலகத்தில் வாய்மொழியாகக் கிடைக்கும் பதிலுக்கு அந்தக் கனம் கிடையாது.

உறுப்பினர் எல்லா வினாக்களையும் தானே உட்கார்ந்து எழுதுவதில்லை. தேயிலை விவசாயிகள் சங்கமோ பழங்குடி அமைப்போ ஊர் நலச் சங்கமோ தரும் ஒரு தாள்தான் பல வினாக்களுக்கு வித்து. அந்தத் தாளை எழுதுகிறவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

முதலில் யாருடைய வாசல் என்று பார்க்க வேண்டும். நீலகிரியில் உதகை, கூடலூர், குன்னூர் என்று மூன்று சட்டமன்றத் தொகுதிகள். மக்களவைத் தொகுதியோ மேட்டுப்பாளையம், அவிநாசி, பவானிசாகரையும் சேர்த்து ஆறு. மாநிலங்களவையில் தமிழகத்துக்கு 18 பேர் இருக்கிறார்கள். அவர்களில் எவரும் நீலகிரியைப் பற்றிக் கேட்கலாம். உள்ளூர் உறுப்பினர் அமைச்சராகிவிட்டால் அவரால் வினா எழுப்ப முடியாது என்பதையும் சேர்த்து நினைத்தால், மற்றவர்களின் கதவைத் தட்டுவது எவ்வளவு அவசியம் என்று புரியும்.

அவை தெரிந்தபிறகு துறை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர், உதகை, கூடலூர் வழியாகப் போகும் 181 தேசிய நெடுஞ்சாலை. அதன் திட்டமும் நிதியும் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தில். களத்தில் வேலை பார்ப்பது மாநில நெடுஞ்சாலைத் துறையின் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. கோத்தகிரி சாலையும், 36 கொண்டை ஊசி வளைவுள்ள கல்லட்டிச் சாலையும் மாநிலத்தின் கையில். காட்டுக்குள் போகும் கிளைப்பாதை வனத்துறையுடையது. "நீலகிரிச் சாலைகள் பழுதாகியிருப்பது அரசுக்குத் தெரியுமா?" என்று மொத்தமாகக் கேட்டால் டெல்லி மாநிலத்தைக் காட்டும், சென்னை டெல்லியைக் காட்டும். ஒரு சாலை, ஒரு துறை, ஒரு வினா.

கூடலூரில் இந்த வாசல் குழப்பம் இன்னும் ஆழம். மின் இணைப்பு கிடைக்காத வீடுகளைப் பற்றி மின்துறை அமைச்சரைக் கேட்டால், நிலத்துக்குத் தடையின்மைச் சான்று இல்லை என்ற ஒரு வரியோடு முடித்துவிடுவார். அது அவர் பார்வையில் சரியான பதில். வேர், ஜென்மிகள் எனப்பட்ட பரம்பரை நில உடைமையாளர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969-ஆம் ஆண்டு ஜென்மி நில ஒழிப்புச் சட்டத்தில், குத்தகை நிலத்தைப் பற்றிய 17-ஆம் பிரிவில் இருக்கிறது. கேட்க வேண்டியவர் வருவாய்த் துறை அமைச்சர். அப்பிரிவின் கீழ் இன்னும் தீர்க்கப்படாத நிலம் எத்தனை ஏக்கர், ஊர்வாரியாக எத்தனை குடும்பம், எத்தனை கோப்புகள் வனத்துறையின் கருத்துக்காக நிற்கின்றன என்பவையே அவரிடம் கேட்க வேண்டியவை.

நாடாளுமன்றத்தின் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மக்களவையில் 15 முழு நாட்கள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் உறுப்பினர் ஐந்து அறிவிப்புகள் வரை கொடுக்கலாம். குலுக்கலில் தேறுபவற்றில் வாய்மொழிப் பதிலுக்கான நட்சத்திரக் குறியிட்டவை 20, எழுத்துப் பதிலுக்கானவை 230. ஒரு வினா 150 சொற்களைத் தாண்டக் கூடாது. இருபதில் அவையில் வாய்மொழியாக எட்டுவது பெரும்பாலும் ஐந்தாறுதான். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வந்துவிடும். எனவே நட்சத்திரம் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். புள்ளிவிவரம் வேண்டுமென்றால் நட்சத்திரமில்லாத வினாவே போதும். அமைச்சரை அவையில் நிறுத்தி மடக்க வேண்டிய விஷயத்துக்கு மட்டும் நட்சத்திரம் கேளுங்கள்.

இனி மலை ரயில். மேட்டுப்பாளையம்–உதகை 46 கிலோமீட்டர். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. பாலம் எத்தனை, சுரங்கம் எத்தனை என்று கேட்டால் வினா உள்ளேயே போகாது. பொது ஆவணங்களில் கிடைக்கும் தகவலைக் கேட்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. வழக்கமாக எழுதிக் கொடுக்கப்படுவது இப்படி: "மழைக்காலத்தில் மலை ரயில் அடிக்கடி ரத்தாவது அரசுக்குத் தெரியுமா, ஆமெனில் விவரம் என்ன, இல்லையெனில் காரணம் என்ன?" இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் பகுதிக்கு "இல்லை, உரிய பராமரிப்புடன் இயக்கப்படுகிறது" என்று சொல்லிவிட்டால் மீதி அத்தனைக்கும் "எழவில்லை" என்று ஒரே சொல்லில் கதவு சாத்தப்படும். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

(அ) கடந்த மூன்று நிதியாண்டுகளில் மேட்டுப்பாளையம்–குன்னூர் இடையே மண்சரிவாலும் மரம் விழுந்ததாலும் ரயில் ரத்தான நாட்கள், ஆண்டுவாரியாக;
(ஆ) அப்பகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை மண் சரிந்த இடங்கள், கிலோமீட்டர் குறியுடன்;
(இ) அவ்விடங்களில் சரிவுத் தடுப்புப் பணிக்கு ஒதுக்கிய தொகையும் செலவான தொகையும், ஆண்டுவாரியாக;
(ஈ) முடியாத பணிகள் எவை, அவற்றை முடிக்கக் குறித்திருக்கும் மாதம் எது?

ஒரு பகுதி இன்னொன்றின் தோளில் ஏறி நிற்கவில்லை; ஒன்றுக்கு "இல்லை" என்று வந்தாலும் மற்றவை பிழைத்துக்கொள்ளும். மூன்று ஆண்டு என்பதற்கும் காரணம் உண்டு. பத்து ஆண்டு கேட்டால் "தகவல் திரட்டப்பட்டு வருகிறது" என்று தள்ளிப்போட வசதியாகிவிடும். ஒதுக்கிய தொகையை மட்டும் கேட்டால் பெரிய எண் ஒன்று வந்து, செய்தித்தாளில் சாதனையாக அச்சாகும். செலவான தொகையைப் பக்கத்தில் வைத்தால்தான் அந்த எண்ணின் உண்மை தெரியும். "எப்போது முடியும்" என்று கேட்டால் "விரைவில்" என்று வரும். மாதத்தைக் கேட்டால் மாதம் வரும், அல்லது மாதம் குறிக்கவே இல்லை என்பது வெளிப்படும். இரண்டுமே நமக்கு லாபம்.

பாதுகாப்பு விஷயத்தில் தாள் எழுதுகிறவர்கள் அதிகம் தவறுகிறார்கள். கக்கநல்லா தாண்டினால் கர்நாடகம். நாடுகாணி, பாட்டவயல், தாளூர், சோலாடி தாண்டினால் கேரளம். எல்லைக்கு அந்தப் பக்கம் நடந்ததைச் சென்னையில் கேட்க முடியாது. 2016 நவம்பரில் நிலம்பூர்க் காட்டில் மாவோயிஸ்டுகள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டது கேரளத்தின் விவகாரம். அதையொட்டி நம் பக்கத்தில் எடுத்த நடவடிக்கையை மட்டுமே நம் அவையில் கேட்கலாம். எந்தச் சோதனைச்சாவடியில் எத்தனை காவலர், என்ன ஆயுதம் என்று எழுதினால் இரகசியத் தன்மை உடையது என்று தள்ளுபடியாகும். தள்ளுபடியாவதும் நியாயமே. எல்லைக் காவல் நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்று மாவட்ட அளவில் கேளுங்கள். சோதனைச்சாவடிக் கேமராக்களில் எத்தனை இயங்குகின்றன, பழுதானவற்றைச் சரிசெய்ய எத்தனை நாள் ஆகிறது என்றும் கேட்கலாம். சட்டம் ஒழுங்கும் காவல்துறையும் மாநிலப் பட்டியலில் இருப்பதால் இவை சட்டமன்றத்துக்கானவை.

மலையில் பாதுகாப்பு என்றால் முதலில் நினைவுக்கு வருவது யானைதான், அதில் சந்தேகமில்லை. காடும் காட்டுயிரும் பொதுப்பட்டியலில் இருப்பதால் இங்கே சட்டமன்றம், நாடாளுமன்றம் இரண்டிலும் கேட்க இடமுண்டு. இழப்பீடு எவ்வளவு என்று கேட்டால் அரசாணையில் உள்ள தொகையைப் படித்துவிடுவார்கள். விண்ணப்பித்தவர் எத்தனை, பெற்றவர் எத்தனை, மறுக்கப்பட்டவர் எத்தனை, சம்பவ நாளுக்கும் பணம் கைக்கு வந்த நாளுக்கும் இடையே சராசரி எத்தனை நாள் என்று கேட்பதுதான் உயிரிழந்த வீட்டுக்கு உதவும்.

அமைச்சரின் அறிக்கையையும் வினாவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2021 டிசம்பர் 8 அன்று சூலூரிலிருந்து 11.48-க்குக் கிளம்பிய ராணுவ ஹெலிகாப்டர், 12.15-க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டியது, 12.08-க்குத் தொடர்பு அறுந்து குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் பயணித்த 14 பேரும் இறந்தார்கள், ஒருவர் மட்டும் சில நாள் மருத்துவமனையில் இருந்து. மறுநாள் பாதுகாப்புத் துறை அமைச்சர் ராஜ்நாத் சிங் இரு அவைகளிலும் அறிக்கை படித்தார். மக்களவை விதி 372-இன்படி அமைச்சர் அறிக்கை படிக்கும்போது கேள்வி கேட்க முடியாது. சட்டமன்றத்தின் 110-ஆம் விதி அறிவிப்பும் விவாதமில்லாததுதான். அந்த விபத்துக்கு விமானிகள் தரப்பு மனிதத் தவறு காரணம் என்ற பதிவு, 2024 டிசம்பரில் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் அறிக்கை வழியாகத்தான் பொதுவெளிக்கு வந்தது. நிலைக்குழு உறுப்பினர்களின் பெயர்ப் பட்டியலையும் கையில் வைத்திருங்கள். அவையில் கிடைக்காதது அங்கே கிடைப்பதுண்டு.

பண்பாட்டைப் பற்றிய வினாக்கள் பெரும்பாலும் பண்பாட்டு அமைச்சகத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்து வேறு மேசைக்குத் தள்ளப்படுகின்றன. நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீட்டை மீறி இயந்திரத்தில் நெய்த போலிச் சால்வைகள் விற்கப்படுவதைப் பற்றிக் கேட்க வேண்டியது வணிக அமைச்சகத்தை. கைவினைஞருக்கான சந்தையைப் பற்றி என்றால் ஜவுளி அமைச்சகம் அல்லது பழங்குடியினர் நல அமைச்சகம். மொழி இன்னொரு மேசை. பத்தாயிரத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளை ஆவணப்படுத்தும் திட்டம் 2013-இல் தொடங்கியது; அதை நடத்துவது மைசூரில் உள்ள இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம். அது கல்வி அமைச்சகத்தின் கீழ் வருகிறது. தோடர் மொழிக்கும் இன்னொரு நீலகிரிப் பழங்குடியான கோத்தர்களின் மொழிக்கும் அதில் இதுவரை நடந்த வேலை என்ன, அகராதி, இலக்கணம், ஒலிப்பதிவு எந்த நிலையில், அதன் பிரதி முத்தோரைப் பாலாடாவில் உள்ள பழங்குடியினர் ஆராய்ச்சி மையத்துக்குத் தரப்பட்டதா? இந்த ஒரு வினாவுக்கு வரும் பதில், "பழங்குடிப் பண்பாட்டைக் காக்க எடுத்த நடவடிக்கை என்ன" என்ற நூறு வினாக்களைவிட, தோடர் குடியிருப்புகளான மந்துகளுக்குப் பயன்படும்.

நீலகிரியின் படகர் சமூகத்தைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் கோரிக்கை டெல்லியில் கேட்கப்படும்போதெல்லாம் நடைமுறையை விளக்கும் ஒரு பத்தி பதிலாக வரும். மாநில அரசின் பரிந்துரை, பிறகு இந்தியத் தலைமைப் பதிவாளரின் ஒப்புதல், பிறகு தேசியப் பழங்குடியினர் ஆணையம், கடைசியில் 342-ஆம் பிரிவின்படி நாடாளுமன்றச் சட்டம். "எப்போது சேர்ப்பீர்கள்" என்பதை விட்டு, கோப்பு இந்த நான்கு படிகளில் எதில் நிற்கிறது, கடைசிக் கடிதத்தின் தேதி என்ன, அது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கேட்க வேண்டும். அதே நாட்களில் சட்டமன்றத்திலும் அதே தேதிகளைக் கேட்டால் இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

பயணத்தில் இன்று, மலைக்கு வரும் வண்டிகளுக்கான இணைய அனுமதிச் சீட்டான இ-பாஸ்தான் பேச்சு. உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரல் 1 முதல் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று உச்சவரம்பும் வந்தது. இந்த வரம்பு சரியா என்று அமைச்சரைக் கேட்டால், நீதிமன்றத்தின் முன் உள்ள விஷயம் என்று ஏற்க மறுப்பார்கள். மாதவாரியாக விண்ணப்பம் எத்தனை, மறுப்பு எத்தனை, உள்ளே வந்த வாகனத்தில் பாஸ் இல்லாமல் பிடிபட்டவை எத்தனை என்பது வெறும் கணக்கு. பெரும்பாலும் தடை இராது. விடுதிக்காரர், வண்டி ஓட்டுநர், தேயிலைத் தோட்டக்காரர் மூவரும் மூன்று விதமாகச் சொல்லும் விஷயத்தில் கணக்கு முதலில் மேசைக்கு வருவது நல்லது.

நட்சத்திர வினா அவையில் எட்டிவிட்டால் கேட்டவருக்கு இரண்டு துணை வினாக்கள் கிடைக்கும். உறுப்பினரிடம் நீளமான குறிப்பைத் திணிக்காதீர்கள். அச்சான பதில் அன்று காலையில் கைக்கு வரும். அதில் இல்லாத எண் எது என்று பார்த்து, அதை மட்டும் ஒரே வாக்கியத்தில் கேட்கச் சொல்லுங்கள். முன்னுரை நீண்டால் மணி அடிக்கும், அமைச்சருக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கும். துணை வினாவுக்கு நல்ல பொருள் கொள்கை விளக்கக் குறிப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத் துறையும் மானியக் கோரிக்கையன்று அதை அவையில் வைக்கும். போன ஆண்டுக் குறிப்பையும் இந்த ஆண்டுக் குறிப்பையும் எடுத்து, நீலகிரி வரும் பத்திகளை ஒப்பிடுங்கள். போன ஆண்டு "நடைபெற்று வருகிறது" என்றிருந்த பணி இந்த ஆண்டில் சத்தமில்லாமல் காணாமல் போயிருந்தால், வினா கிடைத்துவிட்டது.

"பரிசீலனையில் உள்ளது", "கவனிக்கிறேன்" என்ற அமைச்சரின் சொல்லை வெறும் மழுப்பலாக எடுத்துக்கொண்டு பலர் விட்டுவிடுகிறார்கள். நாடாளுமன்றத்தில் அத்தகைய சொற்களுக்கு ஒரு பட்டியலே உண்டு. அவை உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் துறை உறுதிமொழிக் குழுவிடம் காலநீட்டிப்புக் கேட்க வேண்டும். சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு இருக்கிறது, மாவட்டங்களுக்கு ஆய்வுக்கும் வருகிறது. பதில் வந்த நாளிலிருந்து மூன்று மாதம் எண்ணி நாட்காட்டியில் குறித்துவைத்து, அன்று வினா எண், தேதி, அமைச்சர் சொன்ன வாக்கியம் மூன்றையும் ஒரு தாளில் எழுதி உறுப்பினரின் உதவியாளரிடம் கொடுங்கள். குழு உதகைக்கு வரும்போது அதே தாளின் பிரதி குழுச் செயலாளரின் கைக்கும் போகட்டும்.